நாய்களுக்கு வரும் சொறி நோய்: கண்டறிதலும் மருத்துவமும்

(உழவர் பயிற்சி முகாம் ஒன்றில் கால்நடை மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கறவை மாட்டைப் பற்றியும் வெள்ளாட்டைப் பற்றியும் பேசுகிற இடத்தில் இவர் நாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று சிலர் நினைக்கலாம். இரவில் ஆட்டுப்பட்டியைக் காப்பது யார்? நிலக்கடலைக் காட்டில் பன்றி இறங்கினால் முதலில் குரல் கொடுப்பது யார்? மாட்டுக்கு மடி வீங்கினால் அன்றைக்கே மருத்துவரைத் தேடுகிற நாம், நாய்க்கு முடி கொட்டிச் சொறி பிடித்தால் மூன்று மாதம் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். பிறகு ஒரு நாள் யாரோ சொன்னதைக் கேட்டுப் பழைய என்ஜின் ஆயிலைப் பூசுகிறோம். அல்லது பருத்திக்கு அடித்து மீந்த பூச்சிமருந்தைத் தண்ணீரில் கலந்து அதன் மேல் ஊற்றுகிறோம். அதற்கும் தீராவிட்டால், கொண்டுபோய் வேறு ஊர் எல்லையில் விட்டுவிட்டு வருகிறோம். இவற்றில் எதுவும் தேவையில்லை. நாய்ச் சொறி பெரும்பாலும் குணப்படுத்தக்கூடிய நோய்தான். ஆனால் எந்த வகைச் சொறி என்று முதலில் தெரிந்தாக வேண்டும்.

மிளகாய் பயிரிடுகிறவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்தி என்று பார்த்துத்தான் மருந்து வாங்குகிறீர்கள். இரண்டுக்கும் ஒரே மருந்தை அடித்தால் பணம்தான் போகும். நாயின் தோலைத் தாக்குவதும் அந்தச் சிலந்தி வர்க்கத்தைச் சேர்ந்த மிக நுண்ணிய உயிர்களே. இவற்றைச் சொறி உண்ணி என்று சொல்லலாம். மாட்டின் காதிலும் மடியிலும் தொங்குகிற உண்ணியோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்த உண்ணியைக் கையால் பிடுங்கலாம். சொறி உண்ணி ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். நுண்ணோக்கியின் கீழ் வைத்தால்தான் அடையாளம் தெரியும்.

நாய்ச் சொறியில் முக்கியமானவை இரண்டு. ஒன்றை உண்டாக்குவது சார்காப்டிஸ் என்னும் உண்ணி. இது மேல்தோலைக் குடைந்து உள்ளே சென்று முட்டையிடுகிறது. மற்றொன்றை உண்டாக்குவது டெமோடெக்ஸ். இது மயிர்க்காலுக்குள் வாழ்கிறது. முதலாவதைக் குடையும் உண்ணி என்றும் இரண்டாவதை மயிர்க்கால் உண்ணி என்றும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் முடியைக் கொட்டச் செய்யும், இரண்டையும் நாம் சொறி என்றே சொல்கிறோம். ஆனால் குணத்தில் ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

குடையும் உண்ணியால் வரும் சொறியில் முதலில் தெரிவது அரிப்பு. சாதாரண அரிப்பு அல்ல. நாய் இரவு முழுவதும் தூங்காது. சோறு வைத்தால் இரண்டு வாய் தின்றுவிட்டுச் சொறிய உட்கார்ந்துவிடும். காது மடலின் ஓரம், முன்கால் முட்டி, பின்கால் குதி, மார்பின் அடிப்பகுதி, வயிறு ஆகிய இடங்களில் முதலில் சிறு சிறு கொப்புளங்களும், பிறகு மஞ்சள் நிறப் பொருக்கும் காணப்படும். முதுகு பெரும்பாலும் கடைசி வரை நன்றாகவே இருக்கும். நாள்பட்டால் தோல் யானைத்தோல் போலத் தடித்து மடிப்பு விழுந்து நாற்றம் வீசும். இந்த உண்ணி முட்டையிலிருந்து வளர்ந்து மீண்டும் முட்டையிடும் நிலைக்கு வர ஏறக்குறைய 3 வாரம் ஆகிறது. நோயுள்ள நாயோடு சேர்ந்து திரிந்த 2 முதல் 6 வாரத்துக்குள் அரிப்புத் தொடங்கும். ஆகவே இன்று சொறிகிற நாய்க்கு எங்கே ஒட்டியது என்று யோசித்தால், போன மாதம் அது யாரோடு சுற்றியது என்று பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. நாயின் காது மடல் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்லத் தேயுங்கள். குடையும் உண்ணி இருக்கிற நாய்களில் பெரும்பாலானவை உடனே அந்தப் பக்கத்துப் பின்காலைத் தூக்கிக் காற்றில் சொறியும். இப்படிச் செய்தால் நோய் உறுதி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சந்தேகத்துக்கு அது நல்ல ஆதாரம். சோதனை செய்த பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

மயிர்க்கால் உண்ணி வேறு மாதிரி. உண்மையில் அது நோயில்லாத நாயின் தோலிலும் சிறு எண்ணிக்கையில் இருந்துகொண்டேதான் இருக்கிறது. குட்டி பிறந்த முதல் சில நாட்களில் பால் குடிக்கும்போது தாயிடமிருந்து அதற்கு வந்துவிடுகிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை அடக்கி வைத்திருக்கும் வரை தொல்லை இல்லை. அந்தச் சக்தி தளர்ந்தால் உண்ணி பெருகிவிடும். 3 மாதம் முதல் ஒரு வயது வரையுள்ள குட்டிகளில் கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போட்டது போலவும், வாயோரத்திலும், முன்காலிலும் வட்டம் வட்டமாக முடி உதிரும். தோல் சற்றுச் சிவந்தோ கருத்தோ இருக்கும். அரிப்பு இருக்காது, இருந்தாலும் மிகக் குறைவு. இதுதான் முதலில் கவனிக்க வேண்டிய வேறுபாடு. ஆனால் புண்ணில் சீழ் பிடித்துவிட்டால் இந்த நாயும் சொறியும். அப்போது பார்த்த மாத்திரத்தில் வேறுபாடு தெரியாது.

இந்த இரண்டாவது வகை ஒரு நாயிடமிருந்து மற்றொரு வளர்ந்த நாய்க்கு ஒட்டுவதில்லை, மனிதருக்கும் ஒட்டுவதில்லை. முகத்தில் இரண்டு வட்டம் விழுந்ததற்காக ஒரு குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து ஒதுக்குவது அறியாமையே. சில இடங்களில் மட்டும் வந்த இந்தச் சொறி, 10 குட்டிகளில் 9 குட்டிகளுக்கு மருந்தில்லாமலே ஓரிரு மாதங்களில் மறைந்துவிடும். குடற்புழு நீக்க மருந்து கொடுங்கள், வயிறு நிறையச் சத்துள்ள தீனி கொடுங்கள், தெள்ளும் உண்ணியும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 3, 4 வாரம் கழித்து மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள். ஐந்தாறு இடங்களுக்கு மேல் பரவினாலோ, ஒரு கால் பாதம் முழுவதும் வீங்கிக் கசிந்தாலோ அது பரவிய நோய். அதற்குக் கட்டாயம் மருத்துவம் வேண்டும். 4 வயதுக்கு மேற்பட்ட நாய்க்கு முதன்முறையாக இந்த நோய் வந்தால், உள்ளே வேறு ஏதோ நோய் இருக்கிறதா என்றும், நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து கொடுக்கப்பட்டதா என்றும் மருத்துவர் விசாரிப்பார். மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஸ்டீராய்டு பற்றி இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாய் சொறிகிறது என்று மருந்துக்கடையில் சொன்னால் அரிப்பு நிற்க ஒரு சிறு மாத்திரையைக் கொடுத்து விடுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது பெரும்பாலும் பிரட்னிசோலோன் அல்லது டெக்சாமெத்தசோன் ஆக இருக்கும். இரண்டு நாளில் நாய் சொறிவதை நிறுத்தும். நல்ல மருந்து என்று மேலும் பத்து மாத்திரை வாங்குவோம். அந்த மருந்தோ உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தாழ்த்துகிறது. மயிர்க்கால் உண்ணிக்கு இதைவிடச் சாதகம் வேறில்லை. முகத்தில் நான்கு வட்டமாக இருந்த நோய் உடம்பு முழுவதும் பரவுவது பல நேரங்களில் இப்படித்தான்.

இனி நோயை எப்படி உறுதி செய்வது என்று பார்ப்போம். கால்நடை மருத்துவமனைக்கு நாயைக் கொண்டு வருவதற்கு முன் எண்ணெய், சாம்பல், மருந்து எதையும் பூசாதீர்கள். நோயின் உண்மையான தோற்றத்தை மருத்துவர் பார்க்க வேண்டும். வாயைத் துணி நாடாவால் கட்டிக் கொண்டு வாருங்கள். எவ்வளவு சாதுவான நாயும் வலியில் கடிக்கும். கடித்துவிட்டால் புண்ணை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, வெறிநோய்த் தடுப்பூசிக்கு உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். சொறிக்காக வந்த நாளில் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டு ஓராண்டு ஆகிவிட்டதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவர் ஒரு பிளேடில் துளி திரவப் பாரஃபினைத் தொட்டுத் தோலைச் சுரண்டி எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார். குடையும் உண்ணி என்று சந்தேகித்தால் காது ஓரத்திலும் முட்டியிலும் அகலமாக, மேலாக, பல இடங்களில் சுரண்டுவார். மயிர்க்கால் உண்ணி என்று நினைத்தால் தோலை இரண்டு விரலால் அமுக்கிப் பிடித்து, சற்று இரத்தம் கசியும் வரை ஒரே இடத்தில் ஆழமாகச் சுரண்டுவார். வைத்தியம் பார்க்கச் சொன்னால் நாயைக் கீறுகிறாரே என்று சிலர் கோபித்துக்கொள்வது உண்டு. அந்த உண்ணி இருப்பது மயிர்க்காலின் அடியில். இரத்தம் கசியாமல் சுரண்டினால் அது பிளேடில் வராது. கண்ணோரத்திலும் விரலிடுக்கிலும் சுரண்ட முடியாத இடத்தில் நாலைந்து முடியை வேரோடு பிடுங்கிப் பார்ப்பதும் உண்டு. மயிர்க்கால் உண்ணி சுருட்டு வடிவில் நீளமாகத் தெரியும். குடையும் உண்ணி ஆமை போல உருண்டையாக, குட்டைக் கால்களோடு தெரியும். வாய்ப்புக் கிடைத்தால் நீங்களும் நுண்ணோக்கியில் கண் வைத்துப் பாருங்கள். அசைவதைப் பார்த்துவிட்டால் பிறகு மருத்துவத்தைப் பாதியில் நிறுத்த மனம் வராது.

ஒரு செய்தியை இங்கே மறக்கக் கூடாது. மயிர்க்கால் உண்ணியைப் பல இடங்களில் முறையாகச் சுரண்டிப் பார்த்தும் காணவில்லை என்றால் அநேகமாக இல்லை என்றே கொள்ளலாம். குடையும் உண்ணி அப்படி அல்ல. நாயே பாதி உண்ணியைச் சொறிந்து தள்ளிவிடுவதால், நோய் இருந்தும் சோதனையில் அகப்படாமல் போவது மிகச் சாதாரணம். ஆகவே, உண்ணி காணவில்லை, இருந்தாலும் மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்று மருத்துவர் சொன்னால், அவருக்குத் தெரியவில்லை என்று எண்ண வேண்டாம். சரியான முறை அதுவே.

சொறி எல்லாமே இந்த இரண்டால்தான் வருகிறது என்பதும் இல்லை. வால் அடியிலும் இடுப்பிலும் மட்டும் முடி கொட்டினால் தெள்ளுப்பூச்சியைத் தேடுங்கள். காதுக்குள் காப்பித் தூள் போலக் கறுத்த அழுக்குச் சேர்ந்து நாய் தலையை உதறினால் அது காது உண்ணியாக இருக்கலாம். படர்தாமரையும் வட்டமாகவே முடியைக் கொட்டச் செய்யும், அது மனிதருக்கும் ஒட்டும். இவற்றுக்கெல்லாம் மருந்து வேறு.

மருத்துவத்துக்கு வருவோம். முதலில் செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்து எதையும் நாயின் மேல் ஊற்றாதீர்கள். முடி இல்லாத, புண்ணான தோல் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். மீதியை நாய் நக்கிவிடும். வாயில் நுரை தள்ளி, உடம்பு நடுங்கி, கண்மணி ஊசிமுனை அளவு சுருங்கினால் அது விஷம் ஏறிய குறி. உடனே கையுறை அணிந்து சோப்புத் தண்ணீரால் கழுவி, மருந்துப் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். புட்டியின் மேல் உள்ள பெயரைப் பார்த்தால்தான் மாற்று மருந்து கொடுக்க முடியும். என்ஜின் ஆயிலும் மண்ணெண்ணெயும் தோலைச் சுட்டுப் புண்ணாக்கும், நக்கினால் குடலையும் நுரையீரலையும் கெடுக்கும். வேப்பெண்ணெயோ புங்கெண்ணெயோ மெல்லப் பூசுவதில் அவ்வளவு கெடுதல் இல்லை. ஆனால் அதை நம்பி மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. மயிர்க்காலின் அடியில் இருப்பதை அது எட்டாது.

அடுத்தது ஐவர்மெக்டின். ஜப்பான் நாட்டில் மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து கிடைத்த மருந்து இது. இதைக் கண்டறிந்ததற்காக ஒமுரா, கேம்ப்பெல் என்னும் இருவருக்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. நல்ல மருந்துதான். மாட்டுக்கும் ஆட்டுக்கும் போட்டு மீந்த புட்டி பல வீடுகளில் இருப்பதுதான் ஆபத்து. கணக்கைப் பாருங்கள். நூற்றுக்கு 1 பங்கு வீரியமுள்ள ஊசி மருந்து 1 மில்லியில் 10 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. அது 50 கிலோ எடையுள்ள மாட்டுக்கு உரிய அளவு. 4 கிலோ நாய்க்குட்டிக்கு அதே கணக்கில் மில்லியில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஊசிக்குழலில் 1 மில்லி இழுத்துப் போட்டுவிட்டால் பன்னிரண்டு மடங்குக்கு மேல் போட்டதாக ஆகிறது. நாய் தள்ளாடும், கண்மணி விரியும், பார்வை மங்கும், எச்சில் வடியும், பிறகு மயக்கம். இதை முறிக்கத் தனி மருந்து எதுவும் இல்லை. நாளெல்லாம் குளுகோஸ் ஏற்றிக் காப்பாற்றப் பார்க்க வேண்டியதுதான். கோலி இன நாய்களுக்கும் அவற்றின் கலப்புக்கும் சரியான அளவே விஷமாகிவிடும். இதயப்புழு இருக்கிற நாய்க்கும் இதைப் போடும் முன் யோசிக்க வேண்டும். ஆகவே எடை பார்த்து மருத்துவர் போட வேண்டிய ஊசி இது.

அமிட்ராஸ் என்னும் மருந்தும் உங்களுக்குத் தெரிந்ததே, மாட்டு உண்ணிக்குத் தெளிக்கிறீர்கள். நூற்றுக்கு 12.5 பங்கு வீரியமுள்ள அந்த மருந்தில் 2 மில்லியை 1 லிட்டர் தண்ணீரில் கலந்தால் நூற்றுக்கு 0.025 பங்குக் கரைசல் கிடைக்கும். நாய்க்கு எந்த அளவு, எத்தனை நாள் இடைவெளி என்பதை நோயைப் பார்த்து மருத்துவர் எழுதித் தருவார். முதலில் நாயின் முடியைக் கத்தரித்து, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிப் பொருக்கை ஊற வைத்து எடுத்துவிட வேண்டும். பிறகு கரைசலைத் தலை முதல் பாதம் வரை கடற்பஞ்சால் ஒற்றித் தேய்க்க வேண்டும். துடைக்கவோ கழுவவோ கூடாது, அப்படியே காய விட வேண்டும். அதுவரை நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்குத் தொலைவில் செய்யுங்கள். கலந்த மருந்தை மறுநாளைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள், கெட்டுவிடும். 4 மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு இது ஆகாது. பூனையின் மேலும் குதிரையின் மேலும் ஊற்றவே கூடாது. மருந்து ஊற்றிய அன்று நாய் சற்று மந்தமாகப் படுத்திருப்பது வழக்கம். ஆனால் எழுப்பியும் எழாமல், உடம்பு சில்லிட்டால் மருத்துவரிடம் கொண்டு வாருங்கள்.

சிறு குட்டிகளின் குடையும் உண்ணிச் சொறிக்குக் கந்தகக் களிம்பு இன்றும் பயன்படுகிறது. நாற்றம் பிடிக்காது, வேலையும் அதிகம். ஆனால் ஆபத்துக் குறைவு, விலையும் குறைவு. கொடிமுந்திரிக்கும் மிளகாய்க்கும் தெளிக்கிற நனையும் கந்தகத்தை இதற்கு எடுக்க வேண்டாம்.

2014 முதல் ஃப்ளூரலானர், அஃபோக்சோலானர் போன்ற தின்னும் மாத்திரைகள் வந்திருக்கின்றன. இந்தியாவிலும் கிடைக்கின்றன. இரண்டு வகைச் சொறிக்கும் இவை மிக நன்றாக வேலை செய்கின்றன. முன்னதன் ஒரு மாத்திரை ஏறக்குறைய 12 வாரமும், பின்னது ஒரு மாதமும் உடம்பில் நிற்கும். நாயின் எடைக்குத் தக்கபடி மாத்திரையின் அளவு மாறும். வலிப்பு வருகிற நாய்க்குக் கொடுக்கும் முன் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். விலை கொஞ்சம் கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் அமிட்ராஸ் ஊற்ற எட்டுத் தடவை நாயைப் பிடித்துக் கட்டுகிற வேலையையும், இடையில் மருத்துவமனைக்கு வந்து போகிற செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், பரவிய மயிர்க்கால் உண்ணி நோய்க்கு மாத்திரையே மலிவு என்று எனக்குத் தோன்றுகிறது. சீழ் பிடித்த புண்ணுக்கு இவற்றோடு எதிர்உயிரி மருந்தும் 3, 4 வாரம் தேவைப்படும். அதைச் சொன்ன நாள் வரை கொடுங்கள்.

குடையும் உண்ணி என்று தெரிந்தால் நோயுள்ள நாய்க்கு மட்டும் மருந்து கொடுப்பது வீண். வீட்டில் மூன்று நாய் இருந்தால் மூன்றுக்கும், சொறியாத நாய்க்கும் சேர்த்து, ஒரே நாளில் மருந்து கொடுக்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்து நாயும் வந்து கூடப் படுக்கிறது என்றால் அந்த வீட்டுக்காரரிடமும் பேசுங்கள். படுத்த சாக்கைக் கொளுத்திவிடுங்கள். துணியானால் கொதிநீரில் போட்டு வெயிலில் காய வைக்கலாம். கழுத்துப் பட்டையையும் மறக்க வேண்டாம். உண்ணி நாயை விட்டு விழுந்த பிறகும் சில நாள் உயிரோடு இருக்கும், ஈரமும் குளிர்ச்சியும் இருந்தால் இன்னும் கூடுதல் நாள் இருக்கும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. நாய்க்குக் குடையும் உண்ணி இருக்கும்போது அதைத் தூக்கி விளையாடுகிற குழந்தைக்கு முன்கையிலும் வயிற்றிலும் தொடையிலும் சிவந்த தடிப்பு வந்து அரிக்கும். பயப்பட வேண்டாம். நாயின் உண்ணி மனிதத் தோலில் பெருகி வாழாது. நாய்க்கு மருந்து கொடுத்துவிட்டால் 2, 3 வாரத்தில் குழந்தைக்கும் அடங்கிவிடும். நாய்க்குக் கலந்த மருந்தைக் குழந்தைக்குப் பூசுவது மட்டும் கூடவே கூடாது. ஆனால் விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் சிரங்கு வந்து, இரவில் வீடு முழுவதும் சொறிந்துகொண்டிருந்தால், அது மனிதரிடமிருந்து மனிதருக்கு வரும் வேறு வகை உண்ணி. அதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லோரும் சேர்ந்து மருந்து வாங்க வேண்டும். அந்தப் பழியை நாயின் மேல் போட்டு அதை விரட்டுவதில் பயனில்லை. நாய் போன பிறகும் சிரங்கு இருக்கும்.

மயிர்க்கால் உண்ணிக்கு மருத்துவம் எத்தனை நாள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். முடி முளைத்துவிட்டது என்பது கணக்கல்ல. ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை சுரண்டிப் பார்த்து, இரண்டு முறையும் உண்ணியோ முட்டையோ இல்லை என்று ஆகும் வரை மருந்தை நிறுத்தக் கூடாது. இதற்கு மூன்று மாதமும் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம். உடம்பு முழுவதும் பரவி ஒரு முறை வந்து தீர்ந்த நாயை இனவிருத்திக்கு விடாதீர்கள். அந்தத் தன்மை குட்டிகளுக்கும் போகிறது. பெட்டை நாயானால் பருவத்துக்கு வரும்போதும் சினையாக இருக்கும்போதும் நோய் திரும்பத் தலைதூக்கும். ஆகவே நோய் தீர்ந்ததும் அதற்குக் கருத்தடை அறுவை செய்துவிடுங்கள். காவலுக்கு அதனால் ஒரு குறையும் வராது.